பெட்டி வேண்டாம், உதிரிக் கட்டை கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார ஞாயிறு இணைப்பில், வயது வந்தவர்கள் லெகோ என்னும் பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகளை வாங்கி அடுக்குவதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். வசதி படைத்தவர்களின் புது மோகம் இது, பெட்டி பெட்டியாக வாங்கி அலமாரியில் வைத்துப் படம் பிடித்துப் போடுகிறார்கள் என்ற அளவில் கட்டுரை முடிந்துவிட்டது. விலையைப் பற்றி எழுதியது முழுக்கச் சரி. ஆனால் இந்தக் கட்டையைக் கையில் எடுக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அதில் என்ன கிடைக்கிறது, எது கிடைக்காமல் தவிக்கிறோம் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. பொறுத்துக்கொண்டு வெளியிட வேண்டுகிறேன்.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மோல்டு, அதாவது பிளாஸ்டிக் சாமான்களை வார்க்கும் எஃகு அச்சு, செய்யும் தொழிலாளி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மோல்டு வெட்டும் டூல் ரூமில் நின்றவன். பேனா மூடி, சுவிட்ச் பெட்டி, கார் விளக்கின் பின்பக்கம் என்று என் கைப்பட்ட மோல்டுகளிலிருந்து வந்த சாமான்கள் உங்கள் வாசகர்கள் பலர் வீட்டில் இருக்கும். லெகோ கட்டையை முதன்முதலில் நான் தொட்டதே பட்டறையில்தான். தொழில் பழகிய காலத்தில் எங்கள் மேஸ்திரி ஒரு சிவப்புக் கட்டையையும் மைக்ரோமீட்டரையும் என் முன்னால் வைத்து, "அளந்து எழுதிக் காட்டுடா" என்றார். மேல்பக்கம் இரண்டு வரிசையாக எட்டுக் குமிழ் உள்ள சாதாரணக் கட்டை. நீளம் 31.8 மில்லிமீட்டர், அகலம் 15.8, குமிழை விட்டுவிட்டு உயரம் 9.6, குமிழின் விட்டம் 4.8. குமிழுக்கும் குமிழுக்கும் நடுவிலிருந்து நடுவுக்கு 8 மில்லிமீட்டர். அப்படியானால் நான்கு குமிழ் நீளத்துக்கு 32 வர வேண்டுமே, 31.8 எப்படி என்று கேட்டேன். "பக்கத்துக்கு பாயிண்ட் ஒண்ணு மில்லிமீட்டர் விட்டிருக்கான் பார். ரெண்டு கட்டையைப் பக்கத்துல பக்கத்துல வெச்சா ஒண்ணை ஒண்ணு தள்ளக் கூடாது இல்ல?" என்றார். பிறகு பையிலிருந்து வேறு ஏதோ ஆண்டில் வந்த ஒரு மஞ்சள் கட்டையை எடுத்துக் கொடுத்தார். அதையும் அளந்தேன். அதே அளவு.

ஒரு மோல்டு எத்தனை ஷாட், அதாவது எத்தனை முறை வார்ப்பு, ஓடினால் தேயும், இந்தக் கட்டைக்குப் பயன்படும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் ஆறும்போது எவ்வளவு சுருங்கும், நிறம் மாறினால் சுருக்கம் எப்படி மாறும் என்பதெல்லாம் தெரிந்தவனுக்கு அந்த இரண்டு கட்டைகளும் ஒன்றில் ஒன்று பொருந்திய சத்தம் சாதாரணமானது இல்லை. அன்றைக்கு வந்த மரியாதை இன்று வரை குறையவில்லை.

டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-இல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கியதுதான் இந்தக் கம்பெனி. 1949-இல் பிளாஸ்டிக் கட்டை வந்தது. அந்தக் கட்டைக்கு முன்மாதிரி இங்கிலாந்தில் ஹிலரி பிஷர் பேஜ் என்பவர் கிடிகிராஃப்ட் என்ற பெயரில் செய்து விற்ற கட்டை. இரண்டுமே அடியில் வெறும் குழி. மேலே வைத்தால் உட்காரும், தூக்கினால் கழன்று விழும். 28 ஜனவரி 1958 அன்று தச்சரின் மகன் கோட்ஃப்ரெட் காப்புரிமைக்குப் பதிந்த மாற்றம், அந்தக் குழிக்குள் நிறுத்திய குழாய்கள். எட்டுக் குமிழ் கட்டையைக் கவிழ்த்துப் பாருங்கள், மூன்று குழாய் இருக்கும். கீழே இருக்கும் ஒவ்வொரு குமிழையும் ஒரு பக்கம் குழாயும் மறுபக்கம் சுவரும் கவ்வுகின்றன. கவ்வும் அழுத்தம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கு கணக்கில் அமைகிறது. கூடினால் குழந்தையால் கழற்ற முடியாது, குறைந்தால் கட்டிய வீடு நிற்காது. 1963-இல் செல்லுலோஸ் அசிடேட் என்ற பழைய பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு ஏ.பி.எஸ்.ஸுக்கு மாறினார்கள். அதற்குப் பிறகு அளவு மாறவேயில்லை. தாத்தா விளையாடிய கட்டை பேத்தியின் கட்டையோடு பொருந்துகிறது. போனுக்குப் போன் சார்ஜர் மாறிக்கொண்டே வந்ததைப் பார்த்த காலத்தில் இதைப் பெரிய விஷயமாகவே நான் நினைக்கிறேன்.

குழந்தைகள் சாமானைப் பெரியவர்கள் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. புரட்டாசி மாதம் நம் வீடுகளின் பரணிலிருந்து என்ன இறங்குகிறது என்று அவர்கள் பார்க்க வேண்டும். பழைய வேட்டித் துணியில் சுற்றிய மரப்பாச்சியையும் செட்டியார் பொம்மையையும் அறுபது வயது அம்மா பிரித்துத் துடைத்துப் படியில் வைக்கிறார். படிக்குக் கீழே மணலைக் கொட்டி, கேழ்வரகு தூவி முளைக்கவைத்து, கண்ணாடித் துண்டால் குளம் வைத்துப் பார்க் கட்டுவதும் பெரியவர்கள்தான். யாரும் அதைக் குழந்தைத்தனம் என்று சொன்னதில்லை. எங்கள் வீட்டுக் கொலுவில் பார்க்கின் நடுவே இருக்கும் வீடு நான் கட்டையில் கட்டியது. சுண்டல் வாங்க வருகிறவர்கள் குனிந்து அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார்கள்.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லால்குடிப் பக்கம் எங்கள் தாத்தா வீடு. வாசலில் இரண்டு பக்கமும் திண்ணை, உள்ளே ரேழி, நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், பின்கட்டில் அடுக்களை, கிணற்றடி. பங்கு பிரித்தபோது இடித்துவிட்டார்கள். ஒரே ஒரு கல்யாணப் போட்டோவில் திண்ணையின் ஒரு மூலை தெரிகிறது, அவ்வளவுதான் மிச்சம். அதை நினைவிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறேன். கட்டி முடித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு முறை அக்கா ஊரிலிருந்து வரும்போதும் ஏதாவது மாறும். "முத்தத்துல தூண் நாலு இல்லடா, ஆறு. கிணத்துப் பக்கம் இருந்த ரெண்டையும் மறந்துட்டியா? அதுல ஒண்ணுலதான் பாட்டி தயிர் மத்துக் கயித்தைக் கட்டுவா" என்பார். அந்த மத்துக் கயிறு எனக்கு ஞாபகமே இல்லை. அக்கா சொன்ன பிறகு தூண் மட்டும் வரவில்லை, அதன் பக்கத்தில் பாட்டி உட்காரும் பலகையும் வந்தது. தாழ்வாரத்தை ஒரு குமிழ் அகலம் கூட்ட வேண்டியதாயிற்று. அதற்காக ஒரு பக்கச் சுவர் முழுவதையும் பிரித்தேன்.

பிரித்து மறுபடி கட்டலாம் என்பதுதான் இதில் எனக்குப் பெரிய சந்தோஷம். பட்டறையில் எஃகை ஒரு முறை வெட்டினால் வெட்டியதுதான். இங்கே எதுவும் வீணாவதில்லை.

தொழில் தெரிந்தவனுக்கு இன்னொரு சந்தோஷமும் உண்டு. பிளேட் எனப்படும் மெல்லிய தட்டைக் கட்டை ஒன்றின் உயரம் 3.2 மில்லிமீட்டர். மூன்று பிளேட் சேர்ந்தால் ஒரு கட்டை. ஐந்து பிளேட்டை அடுக்கினால் 16 மில்லிமீட்டர், அதாவது சரியாக இரண்டு குமிழ் அகலம். இந்த ஒரு கணக்கு கைக்கு வந்துவிட்டால் கட்டைகளைப் படுக்கவைத்தும், பக்கவாட்டில் திருப்பியும் சுவருக்குள் செருகலாம், இடைவெளியே தெரியாது. எங்கள் தாத்தா வீட்டு வாசற்கதவில் மேலே மரச்சட்டம் வைத்த காற்றுப் பலகணி ஒன்று இருந்தது. அதை நேராக அடுக்கி எப்படிச் செய்தாலும் தடியாகத் தெரிந்தது. பிளேட்டுகளைச் செங்குத்தாகத் திருப்பி நிறுத்தியதும் சட்டம் மெல்லியதாக, அசல் போலவே வந்துவிட்டது. அந்த இரவு வெகு நேரம் தூங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவியும் எழுந்து வந்து பார்த்தார். "காத்து வரும் போலிருக்கே" என்றார்.

கட்டைகளைப் பிரித்து வைப்பதிலும் ஒரு ஞானம் இருக்கிறது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் நிறவாரியாகப் பிரிப்பார்கள். பார்க்க அழகு, தேடும்போது நரகம். ஒரே நிறக் குவியலுக்குள் சின்ன வடிவம் ஒன்றைக் கண் பிடிக்காது. வடிவவாரியாகப் பிரித்துவைத்தால், ஒரே வடிவக் குவியலில் வேண்டிய நிறம் தானாகக் கண்ணில் குதிக்கும். என் வீட்டில் ஒற்றைக் குமிழ் சாமான்கள் அஞ்சறைப் பெட்டியிலும், சரிவுக் கட்டைகள் ஸ்வீட் பாக்ஸ்களிலும், பிளேட்டுகள் ஹோட்டல் பார்சல் டப்பாக்களிலும் இருக்கின்றன. நாள் முழுக்கப் பட்டறைச் சத்தத்தில் நின்றுவிட்டு வந்து, ரேடியோவைத் தாழ்த்தி வைத்து, ஒரு குவியலைப் பிரித்துப் போடுகிற அரை மணி நேரம் எனக்கு வேறு எதிலும் கிடைக்காத ஓய்வு.

இனித் தவிப்புக்கு வருகிறேன்.

நம் ஊர்க் கடைகளில் இந்தக் கட்டை பெரும்பாலும் பெட்டியாகத்தான் கிடைக்கிறது. பெட்டியின் மேல் ஒரு படம், உள்ளே அந்தப் படத்துக்கு வேண்டிய கட்டைகள். படத்தைப் பார்த்துக் கட்டி முடித்தால் பெட்டியின் வேலை முடிந்தது. எனக்கு வேண்டியது தாழ்வாரத்துத் தூணுக்குச் செம்பழுப்பு நிற உருண்டைக் கட்டைகளும், கூரைக்குக் காவி நிறச் சரிவுக் கட்டைகளும். அவற்றுக்காக ஒரு பெரிய மரக்கப்பல் பெட்டியையோ கோட்டைப் பெட்டியையோ வாங்கினால், வேண்டியது ஒரு கை, வேண்டாதது ஒரு கூடை. பெரிய பெட்டிகளின் விலையோ எங்கள் டூல் ரூமில் புதிதாகச் சேரும் பையனின் மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது. ஒரு தச்சரிடம் போய் இரண்டு சட்டம் கேட்டால் கட்டில் வாங்கினால்தான் தருவேன் என்று அவர் சொல்வாரா?

வெளிநாட்டில் இந்த நிலை இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் தங்கை மகன் சொல்லித்தான் தெரியும். அங்கே கம்பெனிக் கடைகளில் ஒரு சுவர் முழுக்க உதிரிக் கட்டைகளை வைத்திருக்கிறார்கள். ஒரு கோப்பையை வாங்கி, அது கொள்ளும் மட்டும் வேண்டியதை அள்ளிக்கொள்ளலாம். போன முறை வந்தபோது அப்படி ஒரு கோப்பை நிறைய மணல் நிறக் கட்டைகள் கொண்டுவந்தான். வேட்டி சட்டை வாங்கி வந்திருந்தால்கூட அவ்வளவு மகிழ்ந்திருக்க மாட்டேன். இணையத்திலும் பிரிக்லிங்க் என்று ஒரு சந்தை 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஆர்வலர் ஒருவர் தொடங்கியது. 2019-இல் லெகோ கம்பெனியே அதை வாங்கிக்கொண்டது. ஒவ்வொரு கட்டைக்கும் எண் உண்டு. எட்டுக் குமிழ் கட்டை என்றால் 3001, நாலு குமிழ் சதுரக் கட்டை என்றால் 3003. எண்ணையும் நிறத்தையும் சொன்னால் உலகின் ஏதோ ஒரு மூலையில் யாரோ ஒருவர் நான்கே நான்கு கட்டையைக் கூட எண்ணிக் கொடுப்பார். அங்கே விலையும் நியாயம்தான். ஆனால் இந்தியாவுக்கு வந்து சேரும்போது தபால் செலவும் தீர்வையும் கட்டையின் விலையை விழுங்கிவிடுகின்றன. உள்நாட்டில் ஓர் இணைய விற்பனையாளரிடம் அசல் உதிரி என்று வாங்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் வேறு ஏதோ போலி. சுவரின் ஓரத்தில் பிளாஷ், அதாவது மோல்டிலிருந்து பிதுங்கிய உபரிப் பிளாஸ்டிக், நீட்டிக்கொண்டிருந்தது, குமிழ்கள் ஒன்று இறுக்கம், ஒன்று தளர்ச்சி. திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள்.

தீர்வையைப் பற்றி ஒரு வார்த்தை. பொம்மை இறக்குமதிக்கு 20 சதவீதமாக இருந்த சுங்கத் தீர்வை 2020 பட்ஜெட்டில் 60 ஆயிற்று, 2023-இல் 70 ஆயிற்று. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணையும் அமலில் இருக்கிறது, ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. என்னைப் போன்ற சேகரிப்பாளர்கள் பலர் இதைக் குறை சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். ஈயமும் விஷச் சாயமும் கலந்த மட்டப் பொம்மைகளைக் குழந்தை வாயில் வைக்காமல் தடுப்பது நல்ல காரியம். உள்ளூரில் பொம்மை செய்தால் எங்கள் தொழிலுக்கும் வேலை வரும். என் கேள்வி வேறு. இவ்வளவு உயரமாக மதில் எழுப்பிய பிறகு, மதிலுக்கு உள்ளே நாம் என்ன செய்தோம்? உள்ளூரில் தயாராகும் கட்டைகளைத் தொடர்ந்து வாங்கி அளந்து பார்க்கிறேன். நிறம் நன்றாக இருக்கும், பிடிப்பு இருக்காது. பிடிப்பு இருந்தால் அடுத்த பாக்கெட்டில் இருக்காது. பெரும்பாலானவை அதன் அதன் பெட்டிக்குள் மட்டும் பொருந்துகிற தனி அளவு. வளர்ந்த பிள்ளை அதைத் தூக்கிப் போடாமல் வேறு என்ன செய்யும்?

கட்டைகளே விளையாட்டுப் பொருளாக இல்லாமல் முதலீடாக மாறிப்போனது இன்னொரு தொல்லை. மாஸ்கோவில் உள்ள பொருளாதார உயர்கல்விப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 1987 முதல் 2015 வரையிலான 2,300-க்கும் மேற்பட்ட பெட்டிகளின் மறுவிற்பனை விலையைக் கணக்குப் பார்த்தார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 11 சதவீதமாவது ஏறியிருக்கிறது. இந்தச் செய்தி பரவியதும், பிரிக்காத பெட்டிகளை ஏ.சி. அறையில் அடுக்கி வைக்கிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். கம்பெனி ஒரு பெட்டியின் தயாரிப்பை நிறுத்தியதும் விலையை ஏற்றுவார்கள். 2008-இல் 5,922 கட்டைகளோடு வந்த தாஜ்மகால் பெட்டி அப்படித்தான் நிறுத்தப்பட்ட பிறகு சாதாரண மனிதர்கள் எட்டிப் பார்க்க முடியாத விலைக்குப் போயிற்று. 2017-இல் கம்பெனி அதையே ஒரு கட்டை கூட்டி 5,923 ஆக மறுபடி வெளியிட்டது. பதுக்கி வைத்தவர்களின் விலை சரிந்தது. கட்டிப் பார்க்க ஆசைப்பட்டவர்களுக்காக நான் மனதார மகிழ்ந்தேன். கட்டைக்குக் குமிழ் வைத்தது இன்னொன்றோடு சேர்வதற்குத்தான். உறை பிரிக்காத பெட்டிக்குள் அது செத்த பொருள்.

எட்டுக் குமிழ் கட்டைகள் ஆறு, எல்லாம் ஒரே நிறம். இவற்றை எத்தனை விதமாகச் சேர்க்கலாம்? கம்பெனி நெடுங்காலம் 10 கோடியே 29 லட்சத்துச் சொச்சம் என்று சொல்லிவந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக ஆறு அடுக்கு உயரத்தில் நிற்கும் கோபுரங்களை மட்டும் எண்ணிய கணக்கு அது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ், உயரம் குறைந்த அமைப்புகளையும் சேர்த்துக் கணினியில் எண்ணிப் பார்த்தபோது 91,51,03,765 வந்தது. வெறும் ஆறு கட்டை! உதிரிக் கட்டையில் இருப்பது இந்தச் செல்வம். பெட்டியின் மேல் படத்தை ஒட்டுகிற கணத்திலேயே அதில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சுகிறது.

சேகரிப்பில் சின்னச் சின்ன வருத்தங்களும் உண்டு. 2004 வாக்கில் கம்பெனி சாம்பல் நிறத்தை மாற்றி லேசாக நீலம் கலந்த சாம்பலாக்கியது. பழையதையும் புதியதையும் கலந்து கருங்கல் சுவர் கட்டினால் ஒட்டுப் போட்டது போல் தெரியும். செம்பழுப்பு நிறத்தில் ஒரு காலகட்டத்துக் கட்டைகள் கழற்றும்போது மூலையில் விரியும் என்பது உலகெங்கும் சேகரிப்பவர்கள் அறிந்தது. நம் ஊர் மரத்தூணுக்கும் கதவுக்கும் வேண்டியது அந்த நிறம்தான் என்பதால் இங்கே அது கூடுதலாக வலிக்கிறது. வெயில் படும் அலமாரியில் வெள்ளை மஞ்சளாகிவிடும். அம்பத்தூர்ப் புழுதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, பெயின்ட் பிரஷ் ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன்.

இந்தக் கவலைகளைப் பேச எங்களுக்கு ஒரு சின்ன வட்டம் இருக்கிறது. வில்லிவாக்கத்தில் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை ஒருவர், ஐந்து நிலைக் கோபுரத்தை முழுக்க மணல் நிறத்தில் கட்டுகிறார். ஒவ்வொரு நிலையும் எவ்வளவு ஒடுங்க வேண்டும் என்பதற்கு நோட்டுப் புத்தகத்தில் விகிதம் போட்டு வைத்திருக்கிறார். மருத்துவமனையில் இரவுப் பணி செய்யும் ஒரு தங்கச்சி, புறநகர் ரயில் பெட்டியை உட்கார்ந்திருப்பவர்களோடு கட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, காபி குடித்துக்கொண்டு, என்னிடம் உள்ள வெள்ளையை நீங்கள் எடுத்துக்கொண்டு உங்கள் பழுப்பைக் கொடுங்கள் என்று பண்டமாற்று செய்துகொள்கிறோம். இவர்களில் யாரும் பணக்காரர் இல்லை. உங்கள் கட்டுரையாளர் இவர்களைப் பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்.

எங்கள் தொழில் நண்பர்களுக்கு, அம்பத்தூரிலும் கிண்டியிலும் கோவையிலும் டூல் ரூம் வைத்திருப்பவர்களுக்கு, உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இந்தக் கட்டையின் அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியாகிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. கட்டையின் வடிவத்தை வணிகச் சின்னமாக வைத்துக்கொள்ள முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதே அளவில் யாரும் கட்டை செய்யலாம். அந்தக் கம்பெனியின் பெயரைக் குமிழில் பொறிக்கக் கூடாது. அவர்களுடைய பெட்டி வடிவமைப்புகளைத் திருடக் கூடாது. அதைச் செய்த லெப்பின் என்ற சீனக் கூட்டத்தை 2019-இல் ஷாங்காய் போலீஸ் பிடித்தது, தலைவனுக்கு மறு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அவர்கள் பெட்டிகளில் வரும் சின்ன மஞ்சள் மனித உருவமும் ஐரோப்பாவில் அவர்களுடைய வணிகச் சின்னம், அதைத் தொட வேண்டாம். வெறும் கட்டைக்குத் தடை இல்லை.

நம்மால் முடியுமா என்று கேட்டால், முடியும் என்று தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன். கார்களுக்கு மின்கம்பி இணைப்பானும் மருத்துவமனைகளுக்கு ஊசிக் குழாயும் செய்கிற மோல்டுகளில் இதே துல்லியத்தில்தான் வேலை பார்க்கிறோம். ஏ.பி.எஸ். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் தயாராகிறது. மோல்டு செலவு பெரியது என்பது உண்மை. ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி மோல்டு, கடினப்படுத்திய எஃகு, ஒரே மோல்டில் பல கட்டைகள் வார்க்கப் பல கேவிட்டி (குழி). எண்ணிக்கை ஓடினால்தான் கட்டுப்படியாகும். அதனால்தான் நூறு வடிவங்களோடு ஆரம்பிக்க வேண்டாம் என்கிறேன். பத்து வடிவம் போதும். படம் போட்ட பெட்டி வேண்டாம், வடிவமைப்பாளர் வேண்டாம், ஸ்டிக்கர் வேண்டாம். ஸ்டேஷனரிக் கடையில் ரப்பர் பேண்ட் விற்பது போல நூறு கிராம், கால் கிலோ என்று பாக்கெட்டில் போட்டு விற்கலாம். பள்ளிக்கூடங்கள் வாங்கும், கட்டடக்கலை மாணவர்கள் வாங்குவார்கள், என் போன்றவர்கள் வரிசையில் நின்று வாங்குவோம்.

வாசகர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போன வீடுகளில் பரணில் ஒரு பையில் கட்டைகள் கிடக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அதைக் காயலான் கடையில் எடைக்குப் போடாதீர்கள். அங்கே அது பக்கெட்டோடும் உடைந்த நாற்காலியோடும் சேர்ந்து அரைபடப் போகிறது. எடுத்துப் பார்த்து, குமிழின் மேல் சின்ன எழுத்தில் கம்பெனிப் பெயரும் உள்ளே குழாயும் இருந்தால் அது இன்னும் பல தலைமுறைக்கு ஓடும். துணி துவைக்கும் வலைப்பையில் கட்டி, பாத்திரம் துலக்கும் சோப்புப் போட்டு, வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள். வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. கொதிநீர் ஊற்றினால் கட்டை கோணிக்கொள்ளும். நிழலில் உலர்த்துங்கள். பிறகு பக்கத்துப் பள்ளிக்கோ, அங்கன்வாடிக்குப் போகும் வயதைத் தாண்டிய எந்தக் குழந்தைக்கோ, எங்களைப் போன்ற ஒருவருக்கோ கொடுங்கள். மிகச் சிறிய குழந்தைகளுக்கு மட்டும் வேண்டாம், வாயில் போட்டுக்கொள்வார்கள்.

மோல்டு போட முன்வருகிறவர்களுக்காக என் பட்டியலையும் எழுதிவிடுகிறேன். கட்டையில் எட்டுக் குமிழ், ஆறு குமிழ், நாலு குமிழ் சதுரம், இரண்டு குமிழ், ஒற்றைக் குமிழ். பிளேட்டில் எட்டுக் குமிழ், இரண்டு குமிழ். கூரைக்கு 45 டிகிரி சரிவுக் கட்டை ஒன்று. தூணுக்கு ஒற்றைக் குமிழ் உருண்டை ஒன்று. பக்கவாட்டில் குமிழ் வைத்த ஒற்றைக் கட்டை ஒன்று. இந்தப் பத்தும் இருந்தால் ஒரு தெருவையே கட்டலாம். நிறத்தில் முதலில் சுண்ணாம்பு வெள்ளை, ஓட்டுக் காவி, தேக்குப் பழுப்பு. மற்றவை பிறகு வரட்டும். நிறம் சேர்க்கும் மாஸ்டர் பேட்ச் ஒவ்வொரு லாட்டுக்கும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நான் இத்தனை ஆண்டுகளாக அளந்து எழுதிவைத்த அளவுகளும், எந்த இடத்தில் எவ்வளவு தேய்மானம் வருகிறது என்ற குறிப்புகளும் ஒரு நோட்டில் இருக்கின்றன. யார் கேட்டாலும் காசு வாங்காமல் பிரதி எடுத்துத் தருகிறேன். உங்கள் அலுவலகத்துக்கு எழுதினால் கடிதத்தை எனக்கு அனுப்பிவையுங்கள் ஐயா.

இப்படிக்கு,
மோல்டு தொழிலாளி ஒருவர்,
அம்பத்தூர், சென்னை - 53.